குர்லாவில் பிறந்த வண்டி: ஒரு பழைய பியட்டின் ஜீர்ணோத்தாரணம்

நம் சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டைப் பற்றியோ, ஏட்டுச்சுவடியைப் பற்றியோ இருக்கும். இம்முறை ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர்கள் சிரித்தார்கள். "நயினார், உங்களுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பம்பாயில் 1960-லிருந்து 2000 வரை வாழ்ந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் பியட் வண்டியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஊரிலிருந்து வந்து தாதரில் இறங்கி, டிரங்குப் பெட்டியையும் கயிறு கட்டிய படுக்கையையும் மேலே ஏற்றி, மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் நம்மைக் கொண்டுவந்து சேர்த்த கறுப்பு மஞ்சள் டாக்சி அதுதான். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். அந்த வகை டாக்சியில் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29-ஆம் தேதி. மும்பையில் டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. ஆகவே 2023 அக்டோபர் இறுதியோடு பத்மினி டாக்சியின் சகாப்தம் முடிந்தது. இனி அந்த வண்டி மிஞ்சியிருப்பது தனியார் வீடுகளில் மட்டும்தான். அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. 1968-ஆம் வருஷத்து பியட் 1100 டிலைட். அதை நான்கு ஆண்டுகள் பாடுபட்டு மீட்ட கதையையும், அந்த வண்டியின் பூர்வ சரித்திரத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

சோலாப்பூர் சமணர் ஒருவரின் கனவு

இந்தியாவில் கார் செய்ய வேண்டும் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் சர் எம். விஸ்வேஸ்வரய்யா ஒருவர். 1930களின் நடுவில் அவர் வெளிநாடு சென்று மோட்டார்த் தொழிலைப் பார்த்துவிட்டு வந்து, பம்பாயில் ஒரு தொழிற்சாலைக்குத் திட்டம் தீட்டினார். அத்திட்டத்தைத் தோளில் ஏற்றுக்கொண்டவர் வால்சந்த் ஹீராசந்த். 1882-ல் சோலாப்பூரில் திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தவர். ரயில்வே காண்டிராக்டராகத் தொழிலைத் தொடங்கி, 1919-ல் நண்பர்களோடு சிந்தியா கப்பல் கம்பெனியை நிறுவினார். அந்தக் கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் 1919 ஏப்ரல் 5-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட நாளைத்தான் இன்றும் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, 1941-ல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம், 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். கடல், வானம், தரை மூன்றையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார்.

போர்க்காலத்தில் கார் தொழிற்சாலைக்கு உதவ ஆங்கில அரசு முன்வரவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை. அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, பம்பாய் குர்லாவில் ஆலை எழுப்பி, முதலில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டி விற்றார். பியட்டோடு உறவு 1950களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. நாம் அறிந்த பியட் 1100 குர்லாவில் இறங்கியது 1954-ல். வால்சந்தோ 1953 ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். தான் நட்ட மரத்தின் பழத்தை அவர் ருசிக்கவில்லை.

இதைச் சொல்லும்போது சமணன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பெருமை வருவது உண்மைதான், மறைக்கவில்லை. அதே சோலாப்பூரிலிருந்துதான் 1957-ல் பி. பி. தேசாய் எழுதிய தென்னிந்தியச் சமண வரலாறும் வெளிவந்தது. நம் தொண்டை மண்டலத்துச் சமணச் சின்னங்களைப் பற்றி நான் படித்த முதல் ஆராய்ச்சி நூல் அது. ஒரே ஊர் எனக்கு ஒரு வண்டியையும் கொடுத்தது, ஒரு வழியையும் காட்டியது.

இத்தாலியிலிருந்து குர்லாவுக்கு

பியட் 1100-ன் இந்த வடிவம் 1953 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. உருவாக்கியவர் டான்டே ஜியாகோசா என்ற பொறியாளர். இதில் முக்கியமான சங்கதி, பழைய வண்டிகளைப்போல அடியில் கனமான சட்டம் வைத்து அதன்மேல் கூண்டை மாட்டும் முறை இதில் கிடையாது. தரைத்தகடு, பக்கவாட்டுத் தகடு, கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, கூண்டே சட்டமாக நின்று பாரம் தாங்கும். எடை குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் துரு பிடித்தால் ஆபத்து. இதைப் பின்னால் விளக்குகிறேன்.

எஞ்சின் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றும் 68 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் மொத்தம் 1089 சிசி வரும். இத்தாலியில் 1962-ல் 1100டி வந்தபோது எஞ்சினை 1221 சிசி ஆக்கினார்கள். 1964-ல் அதே வண்டி இங்கே 'டிலைட்' என்ற பெயரில் வந்தபோது, கூண்டு புதியது, எஞ்சின் பழைய 1089 சிசியாகவே நின்றது. முந்தைய மாடலில் முன்கதவு பின்பக்கம் கீல் வைத்து, பீரோ மாதிரித் திறக்கும். டிலைட்டில் அதை மாற்றினார்கள். அந்த முந்தைய மாடலைத்தான் பம்பாய்க்காரர்கள் 'டுக்கர்' என்றார்கள். மராத்தியில் பன்றி என்று பொருள். முகத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்றே தோன்றும்.

இத்தாலியில் 1960களின் முடிவோடு 1100 நின்றுபோயிற்று. இங்கே நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து பியட் பெயரை விட்டபின் 'பிரீமியர் பிரசிடென்ட்' ஆகி, 1974 முதல் 'பிரீமியர் பத்மினி' ஆகி, நூற்றாண்டு திரும்பும் வரை அதே கூண்டு ஓடிற்று. ஏன் மாறவில்லை? உற்பத்திக்கு லைசென்ஸ், விலைக்குக் கட்டுப்பாடு, இறக்குமதிக்கு அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு. புதிய தகடு அச்சுகளுக்குக் கோடிக்கணக்கில் போட்டால், விற்கும் சில ஆயிரம் வண்டிகளில் அந்தப் பணம் திரும்பாது. வாங்குபவரோ பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் நின்றார். கார் விலையைப் பற்றி அரசுக்கும் கம்பெனிக்கும் இருந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1971-ல் தீர்ப்பானது. 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்வேன். போட்டி இல்லாத கடையில் சரக்கு மாறாது. ஆனால் அதனாலேயே ஒரு நன்மையும் விளைந்தது. 1968 வண்டிக்கு 1998 வண்டியின் பல சாமான்கள் அப்படியே பொருந்தும். இன்று நான் இந்த வேலையைச் செய்ய முடிந்ததற்கு அந்தத் தேக்கமே காரணம்.

படியும் செம்பியமும்

பம்பாய் வண்டி என்று சொல்லுகிறோமே, உண்மையில் இதில் பாதி மெட்ராஸ்காரன். வெளிநாட்டுச் சாமானைக் குறைத்து உள்நாட்டில் செய்ய வேண்டும் என்று 1950களில் அரசு வற்புறுத்தியதன் பலனாகச் சென்னையைச் சுற்றி உதிரிபாகத் தொழில் வளர்ந்தது. செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் வந்துவிட்டது. படியில் 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக வந்தன. எங்கள் வண்டியின் டைனமோவை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபோது, தகட்டில் லூகாஸ் டி.வி.எஸ். என்ற எழுத்து தெரிந்தது. நானும் அதே சென்னை வழியாக ரயிலேறி வந்தவன்தான். ஊர்க்காரனைப் பார்த்ததுபோல இருந்தது.

மாமரத்தடியில் இருபத்திரண்டு ஆண்டு

இந்த வண்டியை என் தகப்பனார் 1974-ல் ஒரு பார்சிக் குடும்பத்திடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். பாத்திரக் கடை வைத்திருந்த அவருக்கு அது ஆடம்பரமில்லை, அரை லாரி. பின்சீட்டைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் குடம் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு எங்களைக் கோயிலுக்கு அழைத்துப்போவார். ஸ்டியரிங் தண்டில் கியர், முன்னால் ஒரே நீளச் சீட்டு. அப்பா, அம்மா, நடுவில் தங்கை, பின்னால் நாங்கள் நால்வர்.

1998-ல் அப்பா தவறினார். அதற்கப்புறம் வண்டியை யாரும் எடுக்கவில்லை. எங்கள் சொசைட்டி வளாகத்தில் மாமரத்தடியில் நின்றது. இருபத்திரண்டு மழைக்காலம். செக்ரட்டரி வருஷத்துக்கு ஒருமுறை நோட்டீஸ் அனுப்புவார். குர்லா சி.எஸ்.டி. சாலையிலிருந்து இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்து கிலோக் கணக்கில் விலை சொல்லிவிட்டும் போனார். 2020-ல் ஊரடங்கு வந்து கடையை மூடி வீட்டில் உட்கார்ந்தபோதுதான், ஒரு நாள் காலையில் போர்வையை எடுத்துப் பார்த்தேன்.

பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. மேலே பெயின்ட் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகட்டைத் திருப்புளியால் குத்தினால் உள்ளே போயிற்று. ஓட்டுநர் காலடித் தகட்டில் ஓட்டை. பேட்டரி இருக்கும் தட்டு இல்லவே இல்லை. கூண்டே சட்டம் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? கதவுக்குக் கீழுள்ள இந்தப் பெட்டித் தகடு வீட்டுக்கு விட்டம் மாதிரி. அது போனால் நடுவில் வண்டி தொய்ந்து, கதவு மூடாது. மும்பையின் கடல் உப்பும் மழையும் அதன் உள்ளே நுழைந்து, வெளியே தெரியாமல் அரித்திருக்கிறது.

இதை மீட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகட்டை வெட்டுவதற்கு முன்னால் வண்டியைச் சமதளத்தில் தாங்கி நிறுத்தி, கதவுச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி பற்றவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முடித்தபிறகே மறுபக்கம் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கூண்டு முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எந்த டிங்கரும் நிமிர்த்த முடியாது. பட்டி பூசி ஓட்டையை மறைப்பது வெல்டிங் ஆகாது. பாத்திர வியாபாரிக்கு இது தெரியும். ஓட்டைக் குடத்தை மெழுகடைத்து விற்றால் ஒரு நாள் தாங்கும்.

எஞ்சினைத் திறந்ததில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் கலந்திருந்தன. வார்ப்பிரும்பு பிளாக் நலம். மேலே இருக்கும் அலுமினிய ஹெட்டில் தண்ணீர் போகும் வழிகள் அரித்திருந்தன. லேத்துப் பட்டறையில் சிலிண்டரைத் துளையிட்டு, 0.4 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டோம். ஹெட் ஒன்றுக்காக மட்டும் ஆபரா ஹவுஸ் பக்கத்துக் கடைகளுக்கும் சோர் பஜாருக்கும் எட்டு மாதம் அலைந்தேன். கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு டாக்சிக்காரரின் கட்டிலுக்கடியில் கிடைத்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அழிந்துபோன நீலப் பென்சில்

இனி எழுதப்போவது என் தவறு.

கதவுகளின் உள் அட்டையைக் கழற்றியபோது, பின்பக்க இடது கதவின் வெறுந்தகட்டில் நீலப் பென்சிலால் தேவநாகரியில் 'டாவா' என்று எழுதியிருந்தது. மராத்தியில் இடது. பக்கத்தில் 417 என்ற எண்ணும் அதன் கீழே சுழித்த ஒரு கையெழுத்தும். 1968-ல் குர்லா ஆலையில் யாரோ ஒரு தொழிலாளி, இந்தக் கதவு இந்த வண்டிக்கு என்று குறித்து வைத்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் வெளிச்சம் படாமல் இருந்த எழுத்து. அன்றைக்கு நான் சாப்பிடக்கூட மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்சந்தின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, விஸ்வேஸ்வரய்யாவின் பெயர் இருக்கிறது. வண்டியை உண்மையில் செய்தவனுக்கு இருந்த ஒரே கல்வெட்டு அதுதான்.

மறுநாள் மகனைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்லலாம் என்று கடைக்குப் போய்விட்டேன். மாலை திரும்பி வந்தால், பெயின்டர் நான்கு கதவையும் பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டி, பளபளவென்று வைத்திருந்தார். "சேட், ஏக்தம் சாஃப் கர் தியா" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவரை என்ன சொல்ல? அவர் வேலையை அவர் நன்றாகத்தான் செய்தார். சொல்லிவிட்டுப் போகாதது நான்தானே.

இந்தச் சங்கடம் எனக்குப் புதிதில்லை. நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் ஒரு சிறு ஜினாலயத்தில், திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைச் சுத்தம் செய்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். சுவர் புதிதுபோல ஆயிற்று. அதிலிருந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் மழுங்கிப்போயிற்று. அன்றைக்கு ஊர்ப் பெரியவர்களிடம் சண்டை போட்டேன். "கோயிலைக் காப்பாத்தறோம்னு சொல்லி அதோட நினைவை அழிச்சுட்டீங்களே" என்றேன். அதே காரியம் என் வீட்டு வாசலில் என் செலவிலேயே நடந்திருக்கிறது.

அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதையும் தொடுமுன் படம், கழற்றுமுன் குறிப்பு. நீளமான ஒரு கணக்கு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் செய்தது.

எது பழையது, எது புதியது?

வண்டி ஓரளவு உருவம் பெற்றதும் வீட்டில் விவாதம் தொடங்கியது. என் மகன் சொன்னான்: "அப்பா, இந்த எஞ்சின் நாற்பது குதிரைத்திறன்தான். எஸ்டீம் எஞ்சினும் அஞ்சு கியர் பெட்டியும் போட்டுடலாம். ஏசி வெச்சுக்கலாம். நெடுஞ்சாலையில ஒரு டிரக்கையாவது தாண்டணும் இல்லையா?" மெக்கானிக்கும் ஆமாம் போட்டார். பத்மினிக்கு மாருதி எஞ்சின் மாட்டுவது பல ஊர்களில் நடந்த வேலைதான். நான் எதையும் மாற்றக்கூடாது என்று நின்றேன். என் மனைவி ஒரே கேள்வி கேட்டாள்: "ஏங்க, மாமா டாஷ்போர்டுல துளை போட்டு விசிறி மாட்டினாரே, அதையும் எடுத்துடுவீங்களா? அது கம்பெனி போட்டது இல்லையே."

அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா 1976-ல் மாட்டிய அந்தச் சின்ன விசிறி குர்லாவில் பிறந்ததில்லை. ஆனால் எங்கள் வண்டி என்றால் அந்த விசிறிதான். அப்படியானால் 'அசல்' என்பது எந்த வருஷத்து அசல்? 1968-ல் ஆலையிலிருந்து வந்ததா, 1974-ல் அப்பா கைக்கு வந்ததா, 1998-ல் அவர் விட்டுப்போனதா?

நம் சமண தரிசனத்தில் இதற்கு ஒரு இடம் உண்டு. உள்பொருள் எதுவும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் உடையது என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி சொல்லுகிறார். காஞ்சியோடு சேர்த்துப் பேசப்படும் சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் இதற்கு ஒரு உவமை காட்டுகிறார். பொற்குடத்தை உருக்கி முடி செய்தால், குடத்தை விரும்பியவன் துக்கப்படுவான், முடியை விரும்பியவன் சந்தோஷப்படுவான், பொன்னை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் இல்லை. சின்ன வயசிலிருந்து இதைப் பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். எங்கள் வாசலில்தான் அர்த்தம் புரிந்தது. பழைய எஞ்சினை எடுத்தால் நான் துக்கப்படுவேன், புதியதைப் போட்டால் மகன் மகிழ்வான், குர்லா இரும்புக் கடைக்காரருக்கு இரண்டும் ஒரே கிலோதான். மூவரும் பார்ப்பது ஒரே பொருளை. ஒருவரும் முழுப் பொய் சொல்லவில்லை.

ஆனால் தத்துவம் பேசினால் மட்டும் பிரேக் பிடிக்காது. ஏதாவது ஒரு முடிவு வேண்டுமே. அதைச் சுவடிப் பதிப்பிலிருந்து எடுத்தேன். உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்து 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை நாம் அறிவோம். நல்ல பதிப்பாசிரியர் தமக்குச் சரியென்று பட்டதை மூலத்தில் நுழைத்து மற்றதை அழிக்க மாட்டார். பாடபேதத்தைத் தனியே காட்டுவார். பின்னால் வருபவன் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வண்டிக்கும் அதையே வைத்தேன். கழற்றி எடுத்தால் பழையபடி ஆகக்கூடிய மாற்றம் எதுவானாலும் செய்யலாம். இருப்பதை வெட்டிக் குறைக்கும் மாற்றம் கூடாது.

அதன்படி, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் அதே தாங்கியில் ஏறியது. படி டைனமோ எண்ணெய்த் துணி சுற்றி அலமாரியில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டை எடுத்து எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தோம். விளக்குகளுக்கு ரிலே போட்டதால் பழைய சுவிட்ச் சூடாவதில்லை. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. அது பழைய ரப்பரைத் தின்றுவிடும். ஆகவே பெட்ரோல் குழாய், பம்பின் சவ்வு, கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றினோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பெட்ரோல் கசிந்தால் தீதான். சீட்டுக்குத் தோல் உறை போடச் சிலர் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. அசலில் இருந்ததும் ரெக்சின்தான். இந்த ஒரு விஷயத்தில் தர்மமும் சரித்திரமும் ஒத்துப்போயின.

விதியை மீறியது இரண்டு இடத்தில். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகப் போகும். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. அதை முன் சக்கரத்துக்கு ஒரு வழி, பின் சக்கரத்துக்கு ஒரு வழி என்று பிரித்தோம். இரண்டாவது, சீட் பெல்ட். பிறக்கும்போது இந்த வண்டிக்கு அது கிடையாது. அதை மாட்டத் தூணிலும் தரையிலும் துளையிட்டு, பின்னால் கனத்த தகடு பற்றவைக்க வேண்டும். திரும்ப எடுக்க முடியாத காயம் அது. இரண்டு வாரம் யோசித்தேன். பேத்தி முன்சீட்டில் உட்கார்ந்து "தாத்தா, போலாம்" என்றாள். மறுநாள் வெல்டரைக் கூப்பிட்டேன். கொல்லாமை என்பது எறும்பை மிதிக்காமல் நடப்பதோடு முடிவதில்லை. ஓடாத பிரேக்கை 'அசல்' என்று பாராட்டிச் சாலையில் விடுவதும் ஹிம்சைதான். ஆனால் வெட்டிய இடத்தையும் தேதியையும் காரணத்தையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

எஞ்சின் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. மகன் பிறகு ஒப்புக்கொண்டான். சட்டமும் என் பக்கம் இருந்தது.

சட்டம் என்ன சொல்லுகிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி செய்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டி, மூல உருவம் கெடாமல் பேணப்பட்ட வண்டி 'விண்டேஜ்' எனப் பதிவாகலாம். எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே எடுக்கலாம்.

சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் வழியும் இருக்கிறது, செலவுதான் ஏறிக்கொண்டே போகிறது. 15 ஆண்டு கடந்த காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-ல் 10,000 என்றாக்கினார்கள். தில்லியில் வாழும் நம்மவர்களுக்கு 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டி பற்றி 2014-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்சநீதிமன்றமும் இட்ட ஆணைகள் தனி. நான் சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். ஊர்வலத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டி உற்சவ மூர்த்தி மாதிரி. அப்பாவின் வண்டி குடம் சுமந்த வண்டி, அது நடமாட வேண்டும்.

கணக்கு முடிவு

நான்கு ஆண்டில் செலவு நான்கு லட்சத்தைத் தொட்டது. விற்றால் அதில் பாதி வருமா தெரியாது. வியாபாரியாகப் பார்த்தால் சுத்த நட்டம். ஆனால் ஒரு வீட்டில் பழைய ஏடு இருந்தால், அதை எடைக்குப் போடாமல் ஒருவன் பிரதி எடுத்தானென்றால், அவனுக்கு என்ன லாபம்? அந்த மாதிரிப் பிரதி எடுத்தவர்களால்தான் நமக்குச் சிந்தாமணி கிடைத்தது.

பிரதி செய்தவன் கடைசி ஏட்டில் தன் பெயரையும் நாளையும் எழுதி, பிழை பொறுக்க என்று முடிப்பது வழக்கம். 2024-ல் வண்டி முதன்முதலாக வளாகத்தை விட்டு வெளியே போன அன்று, நானும் அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுதினேன். இன்ன தகடு புதியது, இன்ன பாகம் பழையது, இன்ன இடத்தில் வெட்டியது நான். பின்சீட்டு இடது கதவில் நீலப் பென்சிலில் 'டாவா 417' என்று ஒரு தொழிலாளி எழுதியிருந்தான், என் அஜாக்கிரதையால் அது அழிந்தது என்பதையும் எழுதினேன். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அவன் எழுதினான் என்பதாவது இருக்கட்டும்.

நோட்டு வண்டியின் முன்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும் சங்க அன்பர்கள் யாரும் எடுத்துப் படிக்கலாம். அப்பாவின் விசிறியும் ஓடுகிறது, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.